ஐஎஸ்ஓ 14001, ஐஎஸ்ஓ 45001: பீன்யாவில் நம்மாட்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரு பீன்யாவில் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தொழிற்கூடப் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். இங்கே பிரஸ் ஷாப், பிளேட்டிங், ஃபேப்ரிகேஷன், பவுடர் கோட்டிங் என்று சின்னதும் நடுத்தரமுமாக யூனிட் நடத்துகிறவர்களில் தமிழர்கள் நிறைய. அவற்றில் வேலை செய்கிறவர்கள் அதைவிட நிறைய. ஐஎஸ்ஓ ஆடிட், அதாவது தணிக்கை, நெருங்கினால் போனிலும் டீக்கடையிலும், சனிக்கிழமை இரவு ஊருக்குப் போகும் பஸ்ஸிலும்கூட ஒரே மாதிரி கேள்விகள் வரும். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். முதலாளி, சூப்பர்வைசர், ஆபரேட்டர், வேலை தேடுகிறவர் எல்லோருடைய கேள்வியும் கலந்துதான் இருக்கும்.

இந்த இரண்டு எண்களும் எதைச் சொல்கின்றன?

ஐஎஸ்ஓ என்பது தரநிலைகளை எழுதும் சர்வதேச அமைப்பு. அதன் 14001 சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான தரநிலை. உங்கள் தொழிற்கூடத்தில் இருந்து காற்றுக்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும் என்ன போகிறது, எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் செலவாகிறது, அதை எப்படிக் கட்டுக்குள் வைக்கிறீர்கள் என்பதைப் பற்றியது. 1996-ல் முதலில் வெளியானது. பிறகு 2004-லும் 2015-லும் திருத்தி எழுதினார்கள்.

ஐஎஸ்ஓ 45001 வேலை செய்கிறவரின் உயிரையும் உடம்பையும் பற்றியது. 2018 மார்ச்சில் வந்தது. அதற்கு முன்னால் ஓசாஸ் 18001 என்று ஒன்று இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் 45001. ஓசாஸ் சான்றிதழுக்கு இப்போது மதிப்பில்லை.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. இந்தச் சுற்று நிற்காமல் ஓட வேண்டும்.

எங்களிடம் ஏற்கனவே தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 இருக்கிறது. மறுபடி முதலில் இருந்தா?

வேண்டாம். மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். நிறுவனத்தின் சூழல், தலைமை, திட்டமிடல், ஆதரவு, செயல்பாடு, மதிப்பீடு, மேம்பாடு என்று 4 முதல் 10 வரையான பிரிவுகள் மூன்றிலும் அதே வரிசையில் வரும். ஆவணக் கட்டுப்பாடு, உள் தணிக்கை, நிர்வாக ஆய்வுக் கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்தே நடத்தலாம். மூன்று ஃபைல் வரிசை, மூன்று கூட்டம் என்று வைத்துக்கொண்டால் ஆறே மாதத்தில் களைத்துப் போவீர்கள்.

சான்றிதழ் தருவது ஐஎஸ்ஓவா?

இல்லை. ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ தரநிலைகளை எழுதி வெளியிடுவதோடு சரி, யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அந்த அமைப்பில் இந்தியாவின் உறுப்பினர் பிஐஎஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைவனம்.

சான்றிதழ் தருபவை சான்றளிப்பு நிறுவனங்கள். அந்த நிறுவனங்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று சோதித்து அங்கீகாரம் கொடுக்க ஒரு வாரியம் வேண்டும். நம் நாட்டில் இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் வரும் என்ஏபிசிபி அந்த வேலையைச் செய்கிறது. வெளிநாட்டு அங்கீகார வாரியங்களின் கீழ் இங்கே இயங்கும் நிறுவனங்களும் உண்டு. வாரியத்தின் பெயர் எதுவானாலும், அந்தச் சங்கிலி அறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

இன்னொன்று. சான்றிதழ் வாங்கிய பிறகு ஐஎஸ்ஓவின் லோகோவை விசிட்டிங் கார்டிலோ பெட்டியிலோ போடக் கூடாது. அது அவர்களுடைய முத்திரை. உங்கள் பொருளின்மேல் "ஐஎஸ்ஓ சான்று பெற்றது" என்று அச்சிடுவதும் தவறு. சான்று உங்கள் நிர்வாக முறைக்குத்தான், பொருளுக்கு இல்லை.

ஒருவர் போன் செய்து, யூனிட்டுக்கு வராமலே மூன்று நாளில் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். இந்தக் கேள்வி எனக்கு மாதம் ஒரு தடவையாவது வருகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் பெரிய வாடிக்கையாளரின் நெருக்கடியில் இருப்பவர்கள். அந்தக் கஷ்டம் புரிகிறது. ஆனால் முதல் தடவைச் சான்று என்றால் இரண்டு கட்டத் தணிக்கை கட்டாயம் உண்டு. வேலை செய்கிற ஆட்களின் எண்ணிக்கையையும் வேலையின் ஆபத்தையும் வைத்து ஆடிட் எத்தனை நாள் நடக்க வேண்டும் என்று கணக்கிட சர்வதேச விதியே இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் காலே வைக்காத ஆடிட்டரின் பிளேட்டிங் யூனிட் சான்றிதழை ஒழுங்கான வாடிக்கையாளர் யாரும் ஏற்கமாட்டார்.

சரி, எப்படிச் சோதிப்பது? சான்றிதழில் அங்கீகார வாரியத்தின் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாரியத்தின் இணையதளத்தில் சான்றளிப்பு நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் தொழில் பிரிவுக்கும் அதற்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். ஐஏஎஃப் சர்ட்சர்ச் என்ற பொதுப் பட்டியலிலும் சான்றிதழ் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், "கன்சல்டன்சியும் நாங்களே, சான்றிதழும் நாங்களே" என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சான்றளிப்பு நிறுவனங்களுக்கான ஐஎஸ்ஓ 17021 விதி அதைத் தடை செய்கிறது. பாடம் நடத்துகிறவரே பரீட்சைத் தாளையும் திருத்தக் கூடாது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இருக்கிறது. பிறகு 14001 எதற்கு? 14001 இருந்தால் அந்த அனுமதி வேண்டாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டும், கட்டாயம் வேண்டும். 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின்படியும் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் யூனிட் தொடங்க ஓர் இசைவும் இயக்க ஓர் இசைவும் வாங்க வேண்டும். 1984 டிசம்பரில் போபாலில் நடந்ததற்குப் பிறகு வந்தது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். ஆபத்தான கழிவுகளுக்கு 2016 விதிகள் இருக்கின்றன. இவை சட்டம், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பொருந்தும். ஐஎஸ்ஓ நீங்களாக எடுத்துக்கொள்வது. இசைவு காலாவதியான யூனிட்டில் ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வியிலேயே எல்லாம் நின்றுவிடும்.

இப்போது முதல் கேள்வி. இசைவுக் கடிதம் எல்லையைச் சொல்கிறது: இந்த அளவுக்கு மேல் குரோமியம் போகக் கூடாது, இந்த அளவுக்கு மேல் சத்தம் கூடாது. அந்த எல்லைக்குள் தினமும் எப்படி நிற்பது, யார் பார்ப்பது, அவர் லீவில் போனால் யார் பார்ப்பது என்று கடிதம் சொல்லாது. 14001 கேட்பது இதைத்தான்.

பீன்யாவில் இது வெறும் காகித விஷயம் கிடையாது. இங்குள்ள நிலத்தடி நீரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்கிற நச்சு வகைக் குரோமியம் கலந்திருப்பது ஆய்வுகளில் வெளிவந்த உண்மை. பல வருஷம் பல யூனிட்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. இன்னொரு கணக்கும் நம்மாட்கள் மனத்தில் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்துச் சாக்கடையெல்லாம் விருஷபாவதி ஆற்றில் சேரும். அது பைரமங்கலா ஏரி வழியாகப் போய் அர்க்காவதியில் கலக்கும். அர்க்காவதி கனகபுரா தாண்டி சங்கமத்தில் காவிரியோடு சேரும். அதற்குக் கீழே ஒகேனக்கல், மேட்டூர். ராத்திரி ஷிப்டில் இங்கே திறந்துவிடும் வால்வு நம் ஊர் ஆற்றுக்கும் சேர்த்துத்தான் திறக்கிறது.

"சுற்றுச்சூழல் அம்சங்கள்" பட்டியலை எப்படி எழுதுவது? கன்சல்டன்ட் தந்த மாதிரியை அப்படியே போடலாமா?

போடாதீர்கள். உங்கள் யூனிட்டின் எந்தெந்த வேலை காற்றையும் தண்ணீரையும் மண்ணையும் தொடுகிறது என்று 14001 கேட்கும் பட்டியல் அது. பிளேட்டிங் யூனிட்டின் பட்டியலில் "அலுவலகக் காகிதம் வீணாதல்" முதல் வரியாகவும் "குரோம் கழிவுநீர்" பதினேழாவது வரியாகவும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கிருந்தோ நகல் எடுத்தது.

ஒரு நாள் ஒதுக்குங்கள். மூலப்பொருள் வந்து இறங்கும் கேட்டில் ஆரம்பித்து, சரக்கு ஏறும் இடம் வரை நடங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முன்னால் நின்று உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, தவறினால் என்ன கொட்டும் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். தரையில் எண்ணெய்க் கறை எங்கே இருக்கிறது, டிரம்முக்கு அடியில் தட்டு இருக்கிறதா, மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் வராது.

ஒரு குரோம் பிளேட்டிங் யூனிட்டில் ஈடிபி என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கும் பெரியவர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. கழிவுநீர் தொட்டியில் வரும்போது நல்ல மஞ்சளாக இருக்கும். அதில் அமிலம் விட்டு பிஎச் 2-லிருந்து 3-க்குள் கொண்டுவந்து சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போடுவார்கள். மஞ்சள் மெல்லக் குறைந்து பச்சையாக மாறும். ஆபத்தான ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் ஆபத்து குறைந்த டிரைவேலன்ட்டாக மாறுவதன் அடையாளம் அது. அப்புறம் சுண்ணாம்பு விட்டு பிஎச்சை 8, 9 வரைக்கும் ஏற்றினால் சேறாகக் கீழே இறங்கும். பெரியவர் கண்ணாடி பீக்கரில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "ஓரத்துல மஞ்சள் தெரியுது பாருங்க சார், இன்னும் ஆகல. இப்ப சுண்ணாம்பு விட்டா விஷம் அப்படியே வெளியே போயிடும்" என்றார்.

பக்கத்தில் தொங்கிய ரெக்கார்டில் முப்பது நாளும் பிஎச் 2.5 என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தது. மீட்டரை எடுத்துப் பார்த்தேன், பேட்டரி செத்து எத்தனை நாளோ. பெரியவருடைய கண் சரியாக இருந்ததால் அந்த யூனிட் தப்பித்தது. அவர் ஊருக்குப் போகும் நாளில்? அதனால் அவருடைய அறிவு எழுத்துக்கு வர வேண்டும்: பீக்கரில் எடு, வெளிச்சத்தில் பார், மஞ்சள் இருந்தால் நிறுத்து, மீட்டரிலும் சரிபார். அந்த நான்கு வரியைத் தொட்டிக்கு மேலேயே ஒட்டினோம். மீட்டருக்குப் பேட்டரியும் மாற்றினோம்.

ஒரே கூரையின் கீழ் சயனைடு துத்தநாக லைனும் குரோம் லைனும் இருந்தால் இரண்டின் கழிவுநீரும் தனித்தனி வழியில்தான் போக வேண்டும். சயனைடு கழிவில் அமிலம் கலந்தால் உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். பட்டியலில் இது எத்தனையாவது வரி என்று ஒரு தடவை பாருங்கள்.

சேறு ஆபத்தான கழிவுக் கணக்கில் வரும். பொதுவாக 90 நாளுக்கு மேல் யூனிட்டில் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்ற வண்டியில், கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் மேனிஃபெஸ்ட் படிவத்தோடு, டாபஸ்பேட்டையில் இருக்கும் பாதுகாப்பான நிலநிரப்பு மையம் மாதிரியான இடத்துக்குப் போக வேண்டும். வருடாந்திரக் கணக்கை ஜூன் 30-க்குள் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் ஆட்கள் கவனக்குறைவானவர்கள். 45001 அதற்கு என்ன செய்யும்?

ஒரு கதை சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்த இடம்தான். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம் என்கிற அடிக்கும் பாகம் கீழே இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டை என்கிற அச்சுக்குள் இருக்க முடியாதல்லவா, அதற்காக வைத்த ஏற்பாடு. நான் போனபோது இடது பட்டன் அமுங்கியே இருந்தது. சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பையன் வலது கையால் பட்டனைத் தட்டி, இடது கையால் பீஸை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன்.

"ஏம்ப்பா இப்படி?"

"அண்ணா, ரெண்டு கையும் வச்சா மணிக்கு நானூறுதான் வரும். சூப்பர்வைசர் அறுநூறு கேக்குறாரு. நான் கட்டல, நான் சேர்றதுக்கு முன்னாடியே கட்டியிருந்துச்சு."

அந்த மாதத்துப் பயிற்சிப் பதிவேட்டில் அவன் கையெழுத்து இருந்தது. "கவனமாக வேலை செய்யவும்" என்ற போஸ்டரும் இருந்தது. இதில் யாருடைய கவனக்குறைவு? டார்கெட் போட்டவருக்கு இரண்டு பட்டன் வைத்தால் எத்தனை பீஸ் வரும் என்று தெரியாது. டியூபைப் பார்த்துக்கொண்டே தினமும் நடந்து போனவர்கள் எத்தனை பேர்!

45001 ஆபரேட்டரைக் குறை சொல்வதோடு நிற்க விடாது. ஏன் நடந்தது, அதற்கு ஏன், அதற்கு ஏன் என்று தோண்டச் சொல்லும். அங்கே கடைசியில் செய்தது இரண்டு. பட்டன் சர்க்யூட்டை மாற்றினோம்: இரண்டையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும், ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இரண்டையும் விட்டால்தான் அடுத்த அடி. ஒன்றைக் கட்டி வைத்தால் இயந்திரமே நின்றுவிடும். அதோடு டார்கெட்டைக் குறைத்தோம். இரண்டாவதற்குத்தான் முதலாளியைச் சம்மதிக்க வைக்க நாளாயிற்று. அந்தப் பையன் இப்போதும் பீன்யாவில்தான் வேலை பார்க்கிறான், பத்து விரலோடு.

ஹெல்மெட், கையுறை, ஷூ எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டோம். போதாதா?

அவை வரிசையில் கடைசி. தரநிலை சொல்லும் வரிசை இது: முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா? முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறு பொருளுக்கு மாற முடியுமா? அதுவும் முடியாவிட்டால் தடுப்பு, உறிஞ்சு குழாய், சென்சர் மாதிரி பொறியியல் ஏற்பாடு. அப்புறம் வேலை முறை, பயிற்சி, ஷிப்ட் மாற்றம். எல்லாம் செய்தும் மிச்சம் இருப்பதற்குத்தான் கையுறையும் மாஸ்க்கும்.

குரோம் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து எழும் அமிலப் புகை வருஷக்கணக்கில் மூக்கில் ஏறினால் மூக்கின் நடுத்தடுப்பில் ஓட்டை விழும். பழைய பிளேட்டர்களிடம் கேட்டால் தெரியும். டிரைவேலன்ட் குரோமுக்கு மாற முடிந்தால் அது இரண்டாவது படி. தொட்டி ஓரத்தில் உறிஞ்சு குழாய் வைப்பதும், புகையை அடக்கும் கலவை சேர்ப்பதும் மூன்றாவது படி. துணி மாஸ்க்கைக் கொடுத்துவிட்டு ரெக்கார்டில் "பாதுகாப்பு உபகரணம் வழங்கப்பட்டது" என்று எழுதுவது எந்தப் படியிலும் சேராது.

சுழலும் இயந்திரத்தில் கையுறையே ஆபத்து என்பதும் இங்கே சொல்ல வேண்டியது. டிரில்லிங் மெஷினில் துணிக் கையுறை சிக்கினால் விரலோடு இழுத்துக்கொண்டு போகும்.

தொழிலாளர் பங்கேற்பு என்று 45001-ல் அவ்வளவு அழுத்திச் சொல்வது ஏன்?

ஆபத்து எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிகிறவர் அவர்தான். ஆனால் அவர் வாயைத் திறக்க நாம் வழி வைப்பதில்லை. 5.4 என்ற பிரிவு முழுக்க இதற்காகவே இருக்கிறது. ஆபத்தைக் கண்டுபிடிப்பதிலும் விபத்தை ஆராய்வதிலும் நிர்வாகப் பொறுப்பில் இல்லாத தொழிலாளர்களுக்கு இடம் இருக்க வேண்டும். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தி விலகலாம் என்பதும் தரநிலையில் இருக்கின்றன. பல முதலாளிகள் இந்தப் பக்கத்தைப் படித்ததே இல்லை.

பெங்களூரில் இதற்குப் பெரிய தடை மொழி. ஒரே லைனில் கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் ஐந்தும் பேசுவார்கள். போர்டு ஆங்கிலத்தில் இருக்கும். ரசாயனத்தின் பாதுகாப்புத் தரவுத்தாள் பதினாறு பக்கம், அதுவும் ஆங்கிலம்தான். நான் செய்யும் வழி எளிது. அந்தப் பதினாறு பக்கத்தில் மூன்று விஷயத்தை மட்டும் எடுப்பேன்: தோலில் பட்டால் என்ன, கண்ணில் பட்டால் என்ன, எதோடு சேரக் கூடாது. அதைப் படமாக வரைந்து, அந்த ஷிப்டில் இருப்பவர்களின் மொழியில் ஒவ்வொரு வரி. எழுதுவது நானல்ல, அந்த மொழி தெரிந்த தொழிலாளியே எழுதுவார். ஒடியாவில் எழுதிய பையனிடம் மறுநாளே அவன் ஊர்க்காரர்கள் மூன்று பேர் சந்தேகம் கேட்டார்கள். என்னிடம் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

காண்ட்ராக்ட் ஆட்கள் எங்கள் பொறுப்பா?

ஆமாம். உங்கள் கூரைக்குள், உங்கள் கட்டுப்பாட்டில் வேலை செய்கிற எல்லோரும் 45001 கணக்கில் வருவார்கள். ஆடிட் நாட்களைக் கணக்கிடும்போதும் அவர்களைச் சேர்க்க வேண்டும். தொட்டி கழுவ, கூரை ஷீட் மாற்ற, வெல்டிங் செய்ய என்று ஒரு நாளைக்கு வருகிறவரை முக்கியமாகக் கவனியுங்கள். இடம் தெரியாது, பழக்கம் இல்லை, மிக ஆபத்தான வேலையும் அவர் தலையில்தான் விழும். உயரத்தில் வேலை, நெருப்பு வேலை, தொட்டிக்குள் இறங்கும் வேலை மூன்றுக்கும் எழுத்து அனுமதி இல்லாமல் ஆரம்பிக்க விடாதீர்கள்.

சான்றிதழ் வாங்க எவ்வளவு நாள் ஆகும்? படிகள் என்ன?

ஒன்றும் இல்லாத இடத்தில் இருந்து தொடங்கினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். முறையை எழுதுவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். அதை ஓடவிட்டு இரண்டு மூன்று மாதப் பதிவுகள் சேர வேண்டும். ஒரு முழுச் சுற்று உள் தணிக்கையும் ஒரு நிர்வாக ஆய்வுக் கூட்டமும் முடிந்திருக்க வேண்டும்.

முதல் கட்டத் தணிக்கையில் ஆவணங்களையும் தயார் நிலையையும் பார்ப்பார்கள். இரண்டாவது கட்டம் முழுக்கத் தளத்தில். குறைகள் வந்தால் அவற்றைச் சரிசெய்த பிறகு சான்றிதழ். அது மூன்று வருஷத்துக்குச் செல்லும். நடுவில் வருஷத்துக்கு ஒரு தடவை கண்காணிப்புத் தணிக்கை, மூன்றாவது வருஷம் முடிவதற்குள் மறுசான்று. எந்தப் பதிப்புக்குச் சான்று தருகிறார்கள் என்று ஒப்பந்தம் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் குறை எழுதினால் எல்லாம் போச்சா?

இல்லை. சிறு குறை என்றால் காரணம் கண்டுபிடித்துத் திருத்தத் திட்டம் கொடுத்தால் போதும். பெருங்குறை என்றால் அதைச் சரிசெய்து ஆதாரம் காட்டிய பிறகுதான் சான்றிதழ். ஒரு பிரிவே நடைமுறையில் இல்லாதது, சட்டத்தை மீறிக்கொண்டு அதற்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது மாதிரி விஷயங்கள் பெருங்குறையாகும். குறையே வராத ஆடிட் எனக்கு நிம்மதி தருவதில்லை.

செலவு?

சான்றளிப்பு நிறுவனத்தின் கட்டணம் ஆடிட் நாட்களைப் பொறுத்தது. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். முதல் வருஷத்தை மட்டும் மலிவாகச் சொல்வது வழக்கம். தண்ணீர், புகைபோக்கி, சத்தம் பரிசோதனைக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்குத் தனிக் கட்டணம். ஆனால் பெரிய செலவு இயந்திரத் தடுப்பு, வயரிங், ஈடிபி பழுது இவற்றில்தான் வரும். அது ஐஎஸ்ஓ செலவு என்று எழுதாதீர்கள், எப்போதோ செய்திருக்க வேண்டிய செலவு அது.

சிறு தொழில்களுக்கு மத்திய அரசின் செட் (ZED) சான்றிதழ்த் திட்டம் ஒன்று இருக்கிறது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. சான்றுக் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80 சதவீதம், சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தரத்துக்கு 50 மானியம் என்று 2022-ல் அறிவித்தார்கள். அது ஐஎஸ்ஓவுக்கு மாற்று கிடையாது. ஆனால் பழகுவதற்கு நல்ல முதல் படி.

பருவநிலை மாற்றத்தையும் சேர்க்க வேண்டுமாமே. சின்ன யூனிட்டுக்கு அது எதற்கு?

2024 பிப்ரவரியில் ஒரு சிறு திருத்தம் வந்தது. பருவநிலை மாற்றம் உங்களுக்குப் பொருந்துகிற விஷயமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள் என்கிறது. இரண்டு தரநிலைக்கும் பொருந்தும். பீன்யாவில் யோசிக்க அதிக நேரம் வேண்டாம். 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கர் தண்ணீருக்கு அலைந்தோமே, பிளேட்டிங்கில் கழுவும் தண்ணீரை எப்படிக் குறைப்பது? ஏப்ரல் மத்தியானம் தகரக் கூரைக்கு அடியில் பெயின்ட் ஓவன் பக்கத்தில் நிற்கிறவருக்கு என்ன ஏற்பாடு? பெருமழையில் ரசாயனக் கிடங்குக்குள் தண்ணீர் வந்தால்? இந்த மூன்றையும் எழுதினாலே திருத்தம் கேட்டதற்குப் பதில் சொன்னதாகிவிடும்.

விபத்து நடந்துவிட்டது. வெளியே தெரிந்தால் சான்றிதழ் போய்விடுமா?

விபத்து நடந்ததற்காக மட்டும் சான்றிதழ் போகாது. மறைத்தால் போகும். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடப்புக்கு வந்திருக்கிறது. விதிகள் மாறிவரும் காலம் என்பதால் உங்கள் வட்டாரத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. விரல் போன ஆளைத் தனியார் கிளினிக்கில் காட்டி, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு இருந்தால் வேலையில் பட்ட காயத்துக்குச் சிகிச்சையும், ஊனத்துக்கு மாதாமாதம் பணமும் கிடைக்க வழி இருக்கிறது. விபத்து அறிக்கை பதிவாகாவிட்டால் அதை வாங்கப் பெரும்பாடு படுவார். ஊரில் இருந்து வந்த தம்பிகளே, யார் என்ன சொன்னாலும் அறிக்கை பதிவானதா என்று கேளுங்கள். நகல் வாங்கி வையுங்கள்.

மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் எழுதுங்கள். தூக்கும் ஸ்லிங் கயிறு அறுந்து யாருக்கும் படாமல் விழுந்த பீம், அடுத்த தடவை வேறு மாதிரி விழும்.

பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு ஐஎஸ்ஓ கோர்ஸ் முடித்தால் போதுமா?

போதாது. ஐந்து நாள் லீட் ஆடிட்டர் கோர்ஸ் நல்லதுதான், ஆடிட் செய்யக் கற்றுத்தரும். பாதுகாப்பு அதிகாரியாக நியமிக்க அரசு ஏற்கும் தொழில் பாதுகாப்புப் பட்டயம் வேண்டும். சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிலையம் இதற்குப் பெயர் பெற்ற இடம். புதிய சட்டத்தொகுப்பின்படி 500 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையிலும், ஆபத்தான வேலை நடக்கும் இடத்தில் 250 பேரிலிருந்தும் பாதுகாப்பு அதிகாரி வேண்டும். முன்பு பொதுவாக ஆயிரம் பேர் இருந்தால்தான் கட்டாயம். அதனால் வேலை கூடும். வேலையில் சேர்ந்தால் முதல் ஆறு மாதம் கம்ப்யூட்டரை விட்டு விலகி, மூன்று ஷிப்டிலும் நின்று பாருங்கள்.

ஆடிட் அடுத்த வாரம். இப்போது என்ன செய்யலாம்?

பழைய தேதி போட்டு ரெக்கார்டு எழுத உட்காராதீர்கள். ஆடிட்டருக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் ஆட்களுக்குத் தெரியும், அதற்கப்புறம் அவர்கள் எந்தப் படிவத்தையும் நம்பமாட்டார்கள். விட்டுப்போனதை விட்டுப்போனது என்றே எழுதுங்கள்.

நாளைக் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் கீழே போங்கள். அவசர வழியில் பெட்டி அடுக்கியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். முள் உள்ள தீயணைப்பான் ஒவ்வொன்றிலும் அது பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். பிரஸ் பட்டன் ஒவ்வொன்றையும் நீங்களே அழுத்திப் பாருங்கள். ஒரு ஹெல்பரைக் கூப்பிட்டு, அமிலம் கண்ணில் பட்டால் எங்கே ஓடுவாய் என்று கேளுங்கள், அவர் பின்னாலேயே நடங்கள். கண் கழுவும் குழாயைத் திறந்துவிடுங்கள். முதலில் துருத் தண்ணீர்தான் வரும். தெளியும்வரை ஓடவிட்டு, எத்தனை நிமிஷம் ஆனது என்று நாளைய தேதி போட்டு எழுதி, அந்த ஹெல்பரிடமே கையெழுத்து வாங்குங்கள்.